ஆறு மாசம் அவன் எங்கே தூங்குவான்? மோல்மேனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் சபையில் நடந்த ஒன்றை நடந்தது நடந்தபடியே எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பர்மாவின் மோல்மேனில் நாற்பது பேர் கூடுகிற சின்னத் தமிழ்ச் சபை, நான் அதில் உதவிக்காரன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சு வரிசையில் உட்காருகிறவர்கள் என்பதால் பேர் எதுவும் போடவில்லை. கூடவே, இதே ஊரில் கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். அதைச் சரியாகப் படித்த பிறகுதான் நாங்கள் எங்கே வழுக்கினோம் என்பது எனக்கு விளங்கியது.

ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பதை நெருங்குகிற வயசு. அம்மா தமிழ், எங்கள் சபை பாய் விரித்துக் கூடின காலத்திலிருந்து வந்தவர். அப்பா மோன் இனத்துக்காரர், இவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே விட்டுவிட்டுப் போய்விட்டார். முடோன் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற வேலை. பால் வெட்டுகிறவர்களுக்கு ராத்திரி ஒரு மணிக்கே நாள் தொடங்கிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடிவதற்குள் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வந்துவிட வேண்டும், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். தூக்கம் வராமல் இருக்க கூட வேலை செய்தவர்கள் யாபா என்கிற போதை மாத்திரையைப் பழக்கிவிட்டார்கள். அந்த மாத்திரை ஒரு மனுஷனை எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த நாட்டில் இருக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அதோடு 2டி. தாய்லாந்துப் பங்குச் சந்தைக் குறியீட்டின் கடைசி எண்களை வைத்து மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை இரண்டு இலக்கம் கட்டுகிற சூதாட்டம்தான், தெருவுக்குத் தெரு நடக்கிறது. 2021 ஜூலையில், ஊரே ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது, அவன் அம்மா போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அவனும் எங்கேயோ வரிசையில்தான் நின்றிருக்கிறான், சிலிண்டர் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் அவனைக் கேட்பார் இல்லை.

2022-இல் மூன்று நாள் விசேஷக் கூட்டம் வைத்தோம். இரண்டாம் நாள் ராத்திரி அவன் அழுதுகொண்டே முன்னால் வந்தான். எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்! அவன் அம்மா பல வருஷம் ஜெபித்த ஜெபம் அல்லவா. தலைமேல் கை வைத்து ஜெபித்தோம், மூன்றாவது வாரமே முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம், மைக்கைக் கையில் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொன்னோம். ஸ்தோத்திரம் சொல்லிக் கை தட்டினோம். ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனோம். அவனும் போனான், எந்த வீட்டில் மாத்திரை விழுங்கினானோ அதே ஆட்கள் இருக்கிற வீட்டுக்கு. இந்த ஒரு இடத்தைப் படிக்கிறவர்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

2023 மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் சபைக் கதவைத் திறந்தால் இன்வெர்ட்டருக்குப் போட்டிருந்த இரண்டு பேட்டரியும் இல்லை. கரன்ட் ஒரு நாளைக்குச் சில மணி நேரம் வந்தாலே அதிசயம் என்கிற நிலைமையில் அந்தப் பேட்டரிதான் எங்களுக்கு விளக்கு, விசிறி, மைக் எல்லாம். இரண்டு வருஷம் காணிக்கையில் மிச்சம் பிடித்து வாங்கினது. எடுத்தது யார் என்று கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை, விற்ற இடத்திலேயே அவன் பேரைச் சொன்னார்கள். புகார் எழுதினது நான். என் கையெழுத்து. அவன் உள்ளே போனான்.

2024-இல் திஞ்சான் என்கிற பர்மியப் புத்தாண்டு முடிந்ததும் பொது மன்னிப்பில் வெளியே விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டான். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். அன்றைக்குத் திருவிருந்து. தட்டு அவனிடம் வந்தது. இரண்டு கையாலும் வாங்கினான், ஒன்றும் எடுக்காமல், கண்ணை நிமிர்த்தாமல், பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தான். தட்டைச் சுமந்துகொண்டு போனவன் நான்தான் என்பதால் கிட்டத்தில் பார்த்தேன். நகத்தைச் சுற்றிச் சதை எல்லாம் கடித்துக் கடித்துப் புண்ணாக இருந்தது.

அன்று மாலை உதவிக்காரர்கள் ஏழு பேர் கூடினோம். கூட்டம் மோசமான கூட்டம் ஒன்றும் இல்லை, யாரும் அவனைத் திட்டவில்லை. சிறு பிள்ளைகள் இருக்கிற சபை, பெண்கள் தனியாக வருகிற சபை, பயம் நியாயமான பயம். ஐந்து பேர், என்னையும் சேர்த்து, ஒரே வார்த்தை சொன்னோம்: ‘ஆறு மாசம் பார்ப்போம்.’ மனந்திரும்பினதற்கு அடையாளம் தெரியட்டும், அப்புறம் சபை ஏதாவது செய்யலாம்.

வெளியே டீ கொண்டுவந்து வைத்த அக்காவின் காதில் இது விழுந்திருக்கிறது. ஸ்ட்ராண்டு ரோடு பக்கம் தோசைக் கடை போடுகிறவர். தோசையைப் பர்மியர்கள் தோஷே என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்களே, அந்த மாதிரிக் கடை. கணவர் இல்லை, மகனும் மருமகளும் கூட இருக்கிறார்கள். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, ‘ஆறு மாசம் பார்க்கலாம்னு சொல்றீங்க, சரி தம்பி. அந்த ஆறு மாசம் அவன் எங்க தூங்குவான்?’ என்றார்.

ஏழு பேருக்கும் பதில் இல்லை. அவரே கூட்டிக்கொண்டு போனார்.

இதே ஊரில், 1827 வாக்கில்

இனி பழைய கதை. அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயரைப் பற்றி பர்மாவில் வளர்ந்த கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிவிடுவார்கள். 1813 ஜூலையில் ரங்கூனில் இறங்கினவர், முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தவர், ஆங்கிலேயப் போரின்போது அன்றைய தலைநகர் ஆவா பக்கம் கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் சிறையில் கிடந்தவர், பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்தவர். நான் சொல்ல வருவது அவரைப் பற்றி அல்ல, அவர் வீட்டில் தங்கின ஒருவரைப் பற்றி.

கோ தா பியூ என்று பேர். கரேன்காரர், பசேன் பக்கத்தில் 1778 வாக்கில் பிறந்தவர். பதினைந்து வயசில் வீட்டை விட்டு வெளியேறிக் கொள்ளைக்காரர் ஆனார். கொலைகளும் செய்தார். எத்தனை என்று அவருக்கே சரியாகத் தெரியாது, தானே செய்ததும் கூட நின்று செய்ததுமாக முப்பதுக்குக் குறையாது என்று பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். அதோடு பயங்கரமான கோபக்காரர். கடனைக் கட்ட முடியாதவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்பது அன்றைய பர்மிய வழக்கம், அப்படி அடிமையாகக் கிடந்தார். அந்தக் காலத்தில் பர்மியர்கள் கரேன் ஜனங்களையே காட்டு ஜனங்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த ஒதுக்கப்பட்டவர்களுக்குள்ளேயும் ஒதுக்கப்பட வேண்டிய ஆள் இவர். தேவனுக்குத் தூரமானவர்கள் என்று நாம் பிரசங்கத்தில் சொல்கிறோமே, அந்தத் தூரத்தின் கடைசி எல்லை என்று இவரைச் சொல்லலாம்.

அவர் கடனைக் கட்டினது ஜட்சன் அல்ல. இதை நிறையப் பேர் மாற்றிச் சொல்கிறார்கள். கட்டினவர் ஷ்வே பே என்கிற உள்ளூர் விசுவாசி. கடனைக் கட்டித் தன் வீட்டிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஆளோடு குடும்பம் நடத்த முடியவில்லை. அப்படிப்பட்ட கோபம். ஷ்வே பேயால் முடியாமல் போனபோது ஜட்சன் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார்.

ஜட்சன் வீடு அப்போது எப்படி இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் மனைவி ஆன் 1826 அக்டோபரில் அம்ஹர்ஸ்டில், இன்றைய சைக்கமியில், இறந்துபோனார். ஜட்சன் அப்போது பக்கத்தில்கூட இல்லை, ஆவாவில் இருந்தார், கடிதத்தில்தான் தெரிந்துகொண்டார். ஆறு மாசம் கழித்து மகள் மரியா, இரண்டு வயசு, அதுவும் போனது. சைக்கமிக்குக் கடலில் நிற்கிற பகோடாவைப் பார்க்க மோல்மேனிலிருந்து பஸ் பிடித்துப் போகிறவர்கள் ஆயிரம் பேர், ஆனின் கல்லறை அதே ஊரில்தான் இருக்கிறது. இரண்டு குழி வெட்டின கையோடு ஒரு கொலைகாரனுக்குப் பாய் போட்டிருக்கிறார் அந்த மனுஷன். இதமான மனநிலையில் செய்த இரக்கம் இல்லை அது, உள்ளே ஒன்றும் மிச்சமில்லாத நேரத்தில் கீழ்ப்படிந்து செய்தது. பின்னால் அவர் மனசு உடைந்து காட்டுக்குள் குடிசை கட்டித் தனியாகக் கிடந்த காலமும் உண்டு.

கோ தா பியூ அந்த வீட்டில் மெதுவாகத்தான் மாறினார். மந்த புத்தி என்று பேர் வாங்கினவர், தட்டித் தடுமாறி பர்மிய எழுத்து படிக்கக் கற்றுக்கொண்டார். ஞானஸ்நானம் கேட்டபோது மோல்மேன் சபை உடனே கொடுத்துவிடவில்லை, பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டது. 1828-இல் போர்ட்மன் என்கிற இன்னொரு மிஷனரியின் குடும்பம் தவோய்க்குப் புறப்பட்டபோது இவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள், அங்கே மே 16-ஆம் தேதி போர்ட்மன் கையால் ஞானஸ்நானம் நடந்தது. முதல் கரேன் விசுவாசி.

அதற்கப்புறம் அவர் உட்காரவே இல்லை. தவோய் மலைகளில் கரேன் ஊர் ஊராக நடந்தார். சிருஷ்டிகரைப் பற்றின பழைய பாட்டுகளும், தொலைந்துபோன ஒரு புத்தகம் கடல் கடந்து திரும்பி வரும் என்கிற நம்பிக்கையும் அந்த ஜனங்களிடம் முன்னாலேயே இருந்தன. ஒரு ஊரில் படிக்கவே தெரியாத ஒரு புத்தகத்தைத் துணியில் சுற்றி வைத்து வருஷக்கணக்காகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போர்ட்மனிடம் வந்து காட்டினால், சங்கீதங்களோடு சேர்த்து அச்சிட்ட ஆங்கில ஜெபப் புத்தகம்! 1831 பிப்ரவரியில், காசநோயால் நடக்க முடியாத போர்ட்மனைக் கட்டிலில் வைத்துக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள், 34 கரேன்கள் ஞானஸ்நானம் எடுப்பதை அவர் கண்ணால் பார்த்தார், திரும்புகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. வயசு 30. கோ தா பியூ 1840 செப்டம்பரில் அரக்கான் கரையில் சாண்டோவேயில் காலமானார். அவர் முழுக்கு எடுத்து 50 வருஷம் ஆனதை நினைத்து 1878-இல் பசேனில் கரேன் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்திலேயே அவர் பேரில் ஒரு மண்டபம் கட்டித் திறந்தார்கள். முப்பது கொலையில் கை வைத்தவர் பேரில்.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும், நம் ஆட்கள் சாட்சிக் கதைகளில் இதை விட்டுவிடுவார்கள்: அவருடைய முன்கோபம் ஞானஸ்நானத் தண்ணீரோடு ஓடிப்போய்விடவில்லை. ஒரு சபையை உட்கார்ந்து மேய்க்கிற பக்குவமும் கடைசிவரை அவருக்கு வரவில்லை, புது ஊருக்குப் போய் முதல் வார்த்தை சொல்வதுதான் அவருக்குக் கைவந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்

கோ தா பியூ விஷயத்தில் வீடு முதலில் திறந்தது, ஞானஸ்நானம் நிதானமாக வந்தது. எங்கள் தம்பி விஷயத்தில் ஞானஸ்நானத் தொட்டி முதலில் திறந்தது, வீடு திறக்கவே இல்லை. 2022-இல் அவனுக்கு மைக் கொடுத்த எங்களில் ஒருவர்கூட ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை. ஒரு ஆள்கூட அவன் கடன் எவ்வளவு என்று கேட்கவில்லை. லூக்கா 15-இல் பரிசேயர் முறுமுறுத்ததே எதற்கு? இயேசு பாவிகளுக்குப் பிரசங்கம் பண்ணினதற்காக இல்லை, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்காக. பிரசங்கத்தில் யாருக்கும் செலவில்லை. சாப்பாட்டில் உண்டு. நாங்கள் மேடையில் தாராளமாகவும் அடுக்களையில் கறாராகவும் இருந்தோம்.

அப்புறம் அந்த ‘ஆறு மாசம் பார்ப்போம்.’ யோனா புத்தகத்தை எத்தனை தடவை படித்திருப்பேன், நாலாம் அதிகாரத்தில் ஒரு வரி இந்தத் தடவைதான் குத்தியது. யோனா முதலில் ஓடினான், மீன் வயிற்றுக்குப் பிறகு கீழ்ப்படிந்தான், நினிவேக்குப் போனான், சொல்லச் சொன்னதைச் சொன்னான். அந்த மட்டுக்கும் கீழ்ப்படிதல் சரி. அதற்கப்புறம் நகரத்துக்கு வெளியே போய் ஒரு குடிசை போட்டு, என்ன நடக்கப்போகிறது பார்ப்போம் என்று நிழலில் உட்கார்ந்தான். எங்கள் ‘பார்ப்போம்’ அந்தக் குடிசைதான். செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட ஒரு திருப்தியோடு, ஆள் விழுகிறானா எழுகிறானா என்று தூரத்திலிருந்து பார்க்கிற இடம். தனக்கு நிழல் கொடுத்த ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்கு யோனா சாகிற அளவுக்குத் துக்கப்பட்டான். பேட்டரி போனதற்கு நான் பட்ட துக்கத்தில் பாதிகூட, எங்கள் கையால் முழுக்கு எடுத்தவன் சிறைக்குப் போனதற்கு நான் படவில்லை. ‘நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ’ என்று கர்த்தர் கேட்பது யோனாவைத்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரிவது ஷ்வே பே. அவர் பேர் எந்த மண்டபத்திலும் இல்லை. கடனைக் கட்டினார், வீட்டில் வைத்தார், முடியவில்லை, அடுத்த கைக்குக் கொடுத்தார். அவர் கட்டாமல் இருந்திருந்தால் ஜட்சன் வீட்டுக்கு அந்த ஆள் வந்திருக்கவே மாட்டார், ஜட்சன் வைத்திருக்காவிட்டால் போர்ட்மனோடு போயிருக்க மாட்டார். மூன்று வீடு. ஒரு வீடு மட்டும் அவரைச் சுமந்திருந்தால் அந்த வீடே இடிந்திருக்கும். பவுல் பிலேமோனுக்கு எழுதினதும் இப்படித்தான்: சிறையில் தன்னோடு வைத்திருந்த ஒநேசிமுவை அவனுடைய எஜமான் வீட்டுக்கு அனுப்பி, அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள்ளும் என்கிறார். ஒருவர் கணக்கை ஏற்கிறார், இன்னொருவர் கதவைத் திறக்க வேண்டும்.

அக்கா வீட்டில் என்ன ஆயிற்று

முதல் வாரமே கடன் கொடுத்தவன் தோசைக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றான். மூன்று லட்சம் கியாட், நூற்றுக்கு இருபது மாச வட்டி. அக்கா தன் வளையலை அடகு வைத்து முதலைக் கட்டி, வட்டியைப் பேசிக் குறைத்து முடித்தார். தம்பி விடியற்காலையில் மாவு கரைத்தான், அடுப்பு மூட்டினான், தட்டு கழுவினான். நாலு மாசம். ஆகஸ்டில் ஒரு நாள் கல்லாவில் நாற்பதாயிரம் குறைந்தது. மாத்திரைக்கு இல்லை, 2டிக்கு. அவனே ராத்திரி வந்து சொன்னான். ஆனால் மருமகள் மாசமாக இருந்தாள், இனி இந்த வீட்டில் அவன் இருந்தால் நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அக்கா என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழுதார். ‘தோத்துட்டேன் தம்பி, ஆண்டவர் கேட்டா என்ன சொல்றது?’ அப்போது எனக்கு ஷ்வே பே கதையை அவருக்குச் சொல்லத் தெரிந்திருந்தது, அதற்காகக் கர்த்தருக்கு நன்றி. சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘அப்ப அடுத்த வீடு யாரு?’ என்றார்.

எங்கள் சபையில் ட்யூஷன் எடுக்கிற வயசான வாத்தியார் ஒருவர் தனியாக இருந்தார். அவர் எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை கொஞ்சம் யோசித்துச் செய்தோம். பணம் அவன் கையில் போகாது, கூலியை வாத்தியார் வாங்கி வைப்பார். போனில் 2டி பார்க்க முடியாது, பட்டன் போன்தான். சபைச் சாவி, கல்லா, பெண்கள் மட்டும் இருக்கிற வீடு, இந்த மூன்றுக்கும் பக்கத்தில் அவன் தனியாக இருக்கக்கூடாது. இதை எல்லாம் அவன் எதிரிலேயே பேசினோம், அவனும் சரி என்றான். கதவில் பூட்டு போடுவதும் ஒருவனுக்குச் சோறு போடுவதும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று சிலர் பேசுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோதனையில் விழுகிற இடம் எது என்று தெரிந்துகொண்டே அவனை அங்கே நிறுத்துவது எந்த இரக்கத்தில் சேர்த்தி? உதவிக்காரர்கள் நாங்களும் வாரத்துக்கு ஒரு நாள் முறை வைத்து வாத்தியார் வீட்டுக்குப் போய் அவனோடு சாப்பிடுவது என்று முடிவு செய்தோம். இரண்டு பேர் ஒழுங்காகப் போகவில்லை, ஆனால் முறை நின்றுவிடவில்லை. ஒன்பது மாசம் அங்கே இருந்தான். நடுவில் ஒரு தடவை மாத்திரைக்குப் போய் மூன்று நாள் காணாமல் இருந்து திரும்பி வந்தான், வாத்தியார் கதவைத் திறந்து, ‘சாப்பிட்டியாப்பா?’ என்று மட்டும் கேட்டாராம்.

இந்த ஜூனில் வாத்தியாருக்கு உடம்பு முடியாமல் ரங்கூனில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாவது வீடு எது என்று கூட்டத்தில் யாரும் கேட்பதற்கு முன்னால் என் மனைவி என்னைப் பார்த்தாள். இப்போது எங்கள் வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்தில், கொசுவலைக்குள் இருக்கிறான்.

பால் வெட்டின பழக்கம் போகவில்லை, ராத்திரி ஒரு மணிக்கு எழுந்துவிடுகிறான். முதல் இரண்டு வாரம் காலடிச் சத்தம் கேட்டால் நானும் எழுந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய்ப் பார்ப்பேன். எங்கள் தெருவுக்குக் கரன்ட் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வருகிறது. அக்கா சாயங்காலமே ஊறவைத்த அரிசியும் உளுந்தும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார், கரன்ட் வந்ததும் இவன் கிரைண்டரைப் போட்டு அவர் கடைக்கு மாவு அரைக்கிறான். விடிவதற்குள் இரண்டு தூக்கு நிறையும், நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இப்போதெல்லாம் கிரைண்டர் சத்தம் கேட்டால் நான் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.

திருவிருந்துத் தட்டை இன்னும் இரண்டு கையால் வாங்கி, எடுக்காமல், அடுத்தவரிடம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். போன வாரம் அக்கா கடைசி பெஞ்சில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார்.